கூண்டில் ஏறிய கேட்ஸ்பி

டெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்பு ஒன்றில் 1979-80 கல்வியாண்டில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தது ஈரான் இஸ்லாமியக் குடியரசு. குற்றம் சாட்டப்பட்டது ஒரு நாவல்: ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’. நீதிபதி ஒரு மாணவர், அரசு வக்கீல் இன்னொரு மாணவர், எதிர்வாதம் செய்தவர் ஒரு மாணவி, மற்ற வகுப்பு முழுவதும் ஜூரி. புத்தகத்தால் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாது என்பதால் அதன் இடத்தில் உட்கார்ந்தவர் அவர்களுடைய ஆசிரியை ஆசர் நஃபீசி.

நாவலை முன்னால் வைத்துக்கொண்டு வகுப்பறையை நீதிமன்றமாக்குவது பல நாட்டுப் பள்ளிகளில் இன்று பழகிப்போன பயிற்சி. சில நாள் படிப்பார்கள், ஒரு நாள் வாதாடுவார்கள், மதிப்பெண் போடுவார்கள், அத்துடன் முடிந்துவிடும். டெஹ்ரானில் நடந்தது அந்த ரகம் அல்ல. அந்த ஊரில் அப்போது நிஜ நீதிமன்றங்கள் நிஜ மனிதர்களை அவசர அவசரமாக விசாரித்துச் சுட்டுக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு புத்தகம் கூண்டுவரை எப்படி வந்து சேர்ந்தது, வந்தபின் என்ன ஆனது என்பது சொல்லத்தக்க கதை. அது தொடங்குவது ஈரானில் அல்ல, நியூயார்க்கை ஒட்டிய ஒரு தீவில்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 முதல் 1924 வரை லாங் ஐலண்டில், கிரேட் நெக் என்ற ஊரில் குடியிருந்தார். நீர்ப்பரப்பின் இந்தக் கரையில் புதுப் பணக்காரர்கள், அந்தக் கரையில் பரம்பரைப் பணக்காரர்கள். மதுவிலக்குக் காலம். ஆனால் விருந்துகளில் மது ஆறாக ஓடியது. அங்கே பார்த்ததையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டு அவர் 1924இல் குடும்பத்தோடு பிரான்சின் தெற்குக் கடற்கரைக்குப் போனார். சான் ரஃபாயேல் என்ற ஊரில் உட்கார்ந்து நாவலை எழுதினார். அக்டோபர் கடைசியில் பிரதி நியூயார்க்குக்குப் புறப்பட்டது.

அங்கே அதைப் படித்தவர் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தின் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ். எழுத்தாளரின் திறமையில் மயங்கினாலும் தன் வேலையை மறக்காத பதிப்பாசிரியர். கேட்ஸ்பி என்ற மனிதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, அவனுக்கு இத்தனை பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆங்காங்கே தடயமாவது வேண்டும் என்று அவர் எழுதினார். இந்த நாவல் எதிர்கொண்ட முதல் குறுக்கு விசாரணை இதுதான். ஃபிட்ஸ்ஜெரால்ட் ரோமில் குளிர்காலத்தைக் கழித்தபடி அச்சுப்படிகளிலேயே அடித்துத் திருத்திப் புத்தகத்தைப் பாதி மாற்றினார். பெயரில் மட்டும் அவருக்குக் கடைசிவரை நிம்மதி வரவில்லை. அச்சு ஏறுகிற நேரத்தில் பெயரை மாற்றச் சொல்லித் தந்தி அடித்தார். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது.

1925 ஏப்ரல் 10 அன்று புத்தகம் வெளியானது. விலை 2 டாலர். முதல் அச்சு 20,870 படிகள். பிரான்சிஸ் கூகட் வரைந்த மேலுறையில் ஆழ்ந்த நீல இரவு, கீழே நகரத்து விளக்குகள், மேலே ஆகாயத்தில் மிதக்கும் ஒரு பெண்ணின் கண்களும் சிவந்த உதடும். அந்த மேலுறையின் பின்பக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தது. கதாநாயகன் பெயரான ஜே கேட்ஸ்பியின் முதல் எழுத்து, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக இருக்க வேண்டியது, சிறிய எழுத்தாக அச்சாகிவிட்டது. புது உறை அச்சடிக்க நேரமில்லை. அச்சாகிவிட்ட உறைகளில் கையால் அந்த ஓர் எழுத்தைப் பெரிதாக்கித் திருத்தினார்கள். இன்று பழம்புத்தக வியாபாரிகள் முதல் பதிப்பை அடையாளம் காண அந்த எழுத்தைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். உறையோடு கூடிய படி பெரும் விலைக்குப் போகிறது. உறை இல்லாவிட்டால் விலை பல மடங்கு இறங்கிவிடும்.

அப்போது அந்தப் புத்தகத்தை யாரும் அப்படித் தேடவில்லை. ஆகஸ்டில் 3,000 படிகள் மறுபடி அச்சிட்டார்கள். 1940 டிசம்பர் 21 அன்று ஃபிட்ஸ்ஜெரால்ட் ஹாலிவுட்டில் மாரடைப்பால் இறந்தபோது, அந்த இரண்டாம் அச்சின் படிகள் பதிப்பகத்துக் கிடங்கில் இன்னும் கிடந்தன. அப்போது அவருக்கு வயது 44. தன் புத்தகம் மறக்கப்பட்டுவிட்டது என்ற நினைப்போடுதான் அவர் போனார்.

அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் அது பின்னால் ஏன் கூண்டில் ஏறியது என்று விளக்க முடியாது. வடக்கு டகோட்டாவின் ஏழைப் பையன் ஒருவன் பெயரை மாற்றிக்கொண்டு, சட்டத்துக்குப் புறம்பான வழியில் பெரும் பணம் சேர்க்கிறான். எதற்காக? முன்பு தான் காதலித்த டெய்சி என்ற பணக்காரப் பெண்ணைத் திரும்பப் பெறுவதற்காக. அவள் இப்போது டாம் புக்கானனின் மனைவி. அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, அவள் ஒருநாள் வருவாள் என்று விருந்து மேல் விருந்து வைக்கிறான். டாமுக்கோ மர்ட்டில் என்ற ஒரு மெக்கானிக்கின் மனைவியோடு உறவு. கேட்ஸ்பியின் காரை டெய்சி ஓட்டிவரும்போது அந்த மர்ட்டில் அடிபட்டுச் சாகிறாள். டெய்சி வண்டியை நிறுத்தவில்லை. பழியை கேட்ஸ்பி ஏற்றுக்கொள்ளத் தயாராகிறான். மர்ட்டிலின் கணவன் வில்சனிடம் டாம் கைகாட்டிவிட, அவன் வந்து கேட்ஸ்பியை நீச்சல் குளத்தில் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாகிறான். டெய்சியும் டாமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். விருந்துக்கு வந்த கூட்டத்தில் சாவுக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கதையைச் சொல்லும் நிக் கேரவே ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொல்கிறான். பல வாசகர்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நாவலுக்குள்ளேயே ஒரு விசாரணை நடக்கிறது. மரண விசாரணை. அதில் மர்ட்டிலின் தங்கை கேத்தரின் சாட்சி சொல்கிறாள். அக்காவின் கள்ள உறவு அவளுக்குத் தெரியும். கூடவே இருந்தவள் அவள். ஆனால் விசாரணை அதிகாரியின் முகத்தைப் பார்த்து, அக்கா கேட்ஸ்பியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, கணவனோடு மிகச் சந்தோஷமாக வாழ்ந்தாள் என்று சத்தியம் செய்கிறாள். காரை ஓட்டியது யார் என்று தெரிந்த நிக்கும் வாய் திறக்கவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்த ஒருவன் செய்த கொலை என்று கோப்பு மூடப்படுகிறது. நாவலை வைத்து வழக்கு நடத்தத் தோன்றுகிற ஆசிரியருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாவலுக்குள் ஒருமுறை மூடி மறைக்கப்பட்ட வழக்கை வகுப்பு மறுபடி திறக்கலாம்.

ஆனால் அதற்கு முன் புத்தகம் வகுப்பறைக்கு வர வேண்டுமே. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்கப் பதிப்பாளர்கள் சேர்ந்து அமைத்த போர்க்காலப் புத்தகக் குழு, 1943 முதல் 1947 வரை படைவீரர்களுக்காகத் தனிப் பதிப்புகள் அச்சிட்டது. உயரம் குறைவு, அகலம் அதிகம், சீருடைப் பையில் அடங்கும் அளவு. சிறிய இதழ்கள் அச்சிடும் இயந்திரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களைச் சேர்த்து அச்சிட்டுக் குறுக்கே வெட்டினார்கள். கம்பி ஊசி போட்டுத் தைத்தார்கள். படிக்குச் சில சென்ட்தான் செலவு. இப்படி 1,322 தலைப்புகளில் 12 கோடிக்கும் மேற்பட்ட படிகள் வீரர்களுக்கு இலவசமாகப் போயின. 1945இல் அந்த வரிசையில் ‘கேட்ஸ்பி’யும் இடம்பெற்றது: 1,55,000 படிகள். ஆசிரியர் உயிரோடு இருந்தவரை கடைகளில் விற்றதைப்போல் பல மடங்கு ஒரே வீச்சில் கைகளுக்குப் போனது. கப்பல் தளத்திலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கிடந்த இளைஞர்கள், எவ்வளவு பாடுபட்டாலும் உள்ளே விடப்படாத ஒருவனின் கதையைப் படித்தார்கள். போர் முடிந்ததும் அரசாங்க உதவியில் லட்சக்கணக்கான முன்னாள் வீரர்கள் கல்லூரிக்குப் போனார்கள். விமர்சகர்களும் ஃபிட்ஸ்ஜெரால்டை மறுபடி எடுத்துப் பேசத் தொடங்கினார்கள். 1960கள் வாக்கில் அமெரிக்கப் பள்ளிப் பாடத்தில் அசைக்க முடியாத இடம் இந்த நாவலுக்கு.

அங்கேதான் வகுப்பறை வழக்கு அதோடு ஒட்டிக்கொண்டது. கேட்ஸ்பி சாவுக்கு யார் பொறுப்பு? சுட்ட வில்சனா, கைகாட்டிய டாமா, வண்டியை நிறுத்தாத டெய்சியா, எல்லாம் தெரிந்தும் பேசாத நிக்கா? ஆசிரியர்கள் இதை வழக்காக்கி மாணவர்களிடம் கொடுத்தார்கள்.

புனைகதைப் பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றுவது பழைய ஆசை. 1914 ஜனவரியில் லண்டனில் டிக்கன்ஸ் அன்பர் சங்கத்தார், அவர் முடிக்காமல் விட்டுப்போன ‘எட்வின் ட்ரூட்’ நாவலின் ஜான் ஜாஸ்பர்மீது கொலை வழக்கு நடத்தினார்கள். நீதிபதி ஜி. கே. செஸ்டர்டன். ஜூரித் தலைவர் பெர்னார்ட் ஷா. கொலை அல்ல, மரணம் விளைவித்த குற்றம் மட்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. செஸ்டர்டனோ தன்னைத் தவிர அங்கிருந்த அத்தனை பேருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் போட்டு எழுந்தார். அது மாலைப்பொழுது கேளிக்கை. இன்னொரு பக்கம், புத்தகத்தையே கூண்டில் ஏற்றிய நிஜ வழக்குகள் உண்டு. 1857இல் பாரிசில் ‘மதாம் பொவாரி’. 1960இல் லண்டனில் ‘லேடி சாட்டர்லி’. நம் ஊரில் ‘மாதொருபாகன்’. அந்த நாவல்மீது வந்த மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தள்ளுபடி செய்து, எழுத்தை நிறுத்தியிருந்த பெருமாள்முருகனை மறுபடி எழுதச் சொன்னது. டெஹ்ரான் வகுப்பறை வழக்கு இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. நடத்தியவர்கள் மாணவர்கள், ஆனால் குற்றச்சாட்டு விளையாட்டல்ல.

ஆசர் நஃபீசியின் தந்தை அகமது நஃபீசி டெஹ்ரான் நகர மேயராக இருந்தவர். ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சியில் சில ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். மகள் அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் படித்தார். ஷாவை எதிர்த்த மாணவர் இயக்கங்களில் ஊர்வலம் போனார். முனைவர் பட்ட ஆய்வு செய்தது 1930களின் பாட்டாளி எழுத்தாளர் மைக் கோல்டைப் பற்றி. கோல்டுக்கும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. புரட்சி வென்ற 1979இல் நாடு திரும்பி வேலையில் சேர்ந்தவர், முதல் ஆண்டு வகுப்பில் இரண்டு பேரையும் பாடமாக வைத்தார். ‘கேட்ஸ்பி’க்குப் பாரசீக மொழிபெயர்ப்பு முன்பே உண்டு, கரீம் எமாமி செய்தது. வகுப்பில் படித்தது ஆங்கில மூலம். வெளிநாட்டுப் புத்தகங்கள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்துகொண்டிருந்த காலம் அது.

வகுப்பறைக்கு வெளியே நிஜ விசாரணைகள் எப்படி நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும். டெஹ்ரானில் ரெஃபா என்று ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. நாடு திரும்பிய புரட்சித் தலைவர் கொமேனி முதலில் தங்கித் தலைமை நிலையமாக்கிக்கொண்ட இடம். 1979 பிப்ரவரி நடுவில் ஷாவின் நான்கு தளபதிகளை அந்தப் பள்ளிக் கட்டடத்திலேயே விசாரித்து, அதன் மொட்டைமாடியில் சுட்டுக்கொன்றார்கள். ஏப்ரலில் முன்னாள் பிரதமர் ஹொவேய்தாவையும் விசாரித்துச் சுட்டார்கள். அவருக்கு வக்கீல் கிடையாது. புரட்சி நீதிமன்றங்களில் பொதுவாகவே வக்கீல் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. விசாரணைச் செய்திகளும் பிணங்களின் படங்களும் பத்திரிகைகளில் வந்தன. நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினார்கள். தூதரகத்தின் வெளியே கூட்டம் முழக்கமிட்டுக்கொண்டிருந்த வாரங்களில், அதே நகரில் ஒரு வகுப்பு அமெரிக்க நாவலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தது.

அந்த வகுப்பில் நியாசி என்று ஒரு மாணவர். நஃபீசி பின்னால் எழுதிய தன் நினைவுக்குறிப்பில் மாணவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறார். நான் அந்தப் பெயர்களையே சொல்கிறேன். நியாசி தீவிர மதப்பற்று உள்ளவர். இந்த நாவல் ஒழுக்கக்கேட்டைப் பரப்புகிறது, கள்ளக் காதலனைக் கதாநாயகனாக்குகிறது, நம் இளைஞர்களுக்கு இது எதற்கு என்று அவர் மனக்கொதிப்போடு கேட்டார். ஆசிரியர் ஒருவர் அந்த இடத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறேன். வாயை அடைத்திருக்கலாம். பயந்துகொண்டு பாடத்தை மாற்றியிருக்கலாம். நஃபீசி, எங்கும் வழக்கு நடக்கிற காலம், நாமும் ஒரு வழக்கு நடத்துவோம், நீங்களே அரசு வக்கீல் என்று சொன்னார். ஒரு கற்பித்தல் முறையாக இதைவிடத் துணிச்சலான ஒன்றை நான் படித்ததில்லை. எதிர்ப்பவனை வெளியே நிறுத்தாமல் அவனுக்கு மேடை கொடுத்தார். கொடுத்த அதே கையால் எதிர்த்தரப்புக்கும் ஒரு வக்கீலை வைத்தார். ஊரில் நிஜ மனிதர்களுக்குக் கிடைக்காத வக்கீல் இந்த வகுப்பில் ஒரு புத்தகத்துக்குக் கிடைத்தது.

நீதிபதி வேலைக்கு ஃபர்ஸான் என்ற மாணவர் வந்தார். எதிர்வாதத்துக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இதில் வியப்பில்லை. புரட்சிக் காலத்தில் அமெரிக்க நாவலின் பக்கம் நிற்பவர் என்று பெயர் வாங்க யார் முன்வருவார்? மதப்பற்றாளர்களுக்குப் புத்தகம் ஒழுக்கங்கெட்டது. இடதுசாரி மாணவர்களில் பலருக்கு அது முதலாளி வர்க்கத்துப் பகட்டு. இரண்டு பக்கமும் நண்பர்கள் இல்லாத கட்சிக்காரர். கடைசியில் ஸர்ரீன் என்ற மாணவி ஏற்றுக்கொண்டார்.

விசாரணை நாளில் நியாசி எழுதிவைத்திருந்த உரையை வாசித்தார். இலக்கியத்துக்குப் புனிதமான கடமை உண்டு என்பதில் தொடங்கி, இந்த நாவல் அந்தக் கடமைக்கு எப்படித் துரோகம் செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அமெரிக்கச் சமூகத்தின் அழுகலைக் காட்டுகிறது என்பது ஒன்றே இதில் உள்ள நல்லது என்றார்.

அடுத்து ஸர்ரீன். அவருடைய வாதத்தின் அச்சு ஒரே கேள்விதான்: கதாநாயகி பத்தினி என்றால் நாவல் நல்லதாகிவிடுமா, பாத்திரங்கள் வழி தவறினால் நாவல் கெட்டதாகிவிடுமா? அரசு வக்கீலுக்குச் சரி, தவறு என்று முத்திரை குத்தத் தெரிகிறதே தவிர, நாவலை நாவலாகப் படிக்கத் தெரியவில்லை என்றார். புனைவையும் வாழ்க்கையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும் அளவுக்கு அவர் கதைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார் என்றார். பிறகு புத்தகத்துக்குள்ளேயே போனார். பணக்காரர்களை இந்த நாவல் கொண்டாடுகிறது என்பது குற்றச்சாட்டு. டெய்சியும் டாமும் மனிதர்களையும் பொருள்களையும் உடைத்துப் போட்டுவிட்டு, தங்கள் பணத்துக்குள்ளும் அலட்சியத்துக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறவர்கள் என்று நிக் கசந்து சொல்லும் இடம் நாவலின் முடிவில் இருக்கிறது. பணக்கார வர்க்கத்தை இவ்வளவு கடுமையாகக் குற்றம் சாட்டும் ஒரு பக்கத்தை அரசு வக்கீல் படித்தாரா இல்லையா? அதுதான் அவர் எழுப்பிய கேள்வியின் சாரம்.

புத்தகத்தின் இடத்தில் இருந்த நஃபீசியும் பேசினார். நல்ல நாவல் தன் பாத்திரங்கள் எல்லோருக்கும் குரல் கொடுக்கிறது. மற்றவர் நோவைக் காண முடியாத குருட்டுத்தனம்தான் இந்த நாவலில் பெரிய பாவம். அவர் சொன்னதன் சுருக்கம் இது. கேள்விகள் பறந்தன. நியாசியும் விட்டுக்கொடுக்கவில்லை. வகுப்பு முடிந்தும் மாணவர்கள் கலையாமல் தாழ்வாரத்தில் நின்று வாதாடினார்கள். முறையான தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.

அந்த வகுப்பின் வெற்றியே அதுதான் என்பேன். நியாசி மனம் மாறினாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒரு புத்தகத்தைத் தடை செய்ய நினைக்கிறவர் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. யாரோ அடிக்கோடிட்டுக் கொடுத்த பக்கத்தைத்தான் படிப்பார். வழக்கு நடத்த வேண்டுமென்றால் முழுதும் படித்தாக வேண்டும், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்தாக வேண்டும், சொன்னதற்குப் பதில் சொன்னாக வேண்டும். நியாசி அதைச் செய்தார். தன் வெறுப்பை வாதமாக மாற்றி, மற்றவர் முன்னால் வைத்து, மறுப்பையும் உட்கார்ந்து கேட்டார். அந்த ஊரின் நிஜ நீதிமன்றங்கள் இதைச் செய்யவில்லை. அந்த அளவுக்கு அவரும் மரியாதைக்குரியவர்.

1980இல் கலாசாரப் புரட்சி என்ற பெயரில் ஈரான் முழுவதும் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். திறக்க ஆண்டுகள் ஆயின. முக்காடு அணிய மறுத்ததால் நஃபீசியின் வேலை போனது. பிறகு அல்லாமே தபதபாயி பல்கலைக்கழகத்தில் சில காலம் கற்பித்து, 1995இல் அதையும் விட்டார். தேர்ந்தெடுத்த ஏழு மாணவியரோடு வியாழக்கிழமைதோறும் தன் வீட்டிலேயே நாவல்கள் படித்தார். 1997இல் அமெரிக்கா போனார். 2003இல் ‘ரீடிங் லோலிட்டா இன் டெஹ்ரான்’ வந்தது. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றுக்கு ‘கேட்ஸ்பி’ என்றே பெயர். அந்த வழக்கு நமக்குத் தெரிவது அந்தப் பகுதியால்தான். நியூயார்க்கில் அச்சாகி டெஹ்ரான் போன நாவல், டெஹ்ரானில் வாங்கிய காயத்தோடும் கௌரவத்தோடும் நியூயார்க்குக்கே இன்னொரு புத்தகத்துக்குள் உட்கார்ந்து திரும்பி வந்தது.

அந்தப் புத்தகமும் கூண்டுக்குத் தப்பவில்லை. ஈரானில் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹமீத் தபாஷி 2006இல் அதைக் கடுமையாகத் தாக்கினார். மேலை இலக்கியத்தை மீட்பராகக் காட்டி, ஈரான்மீது அமெரிக்கா படையெடுப்பதற்கான மனநிலையை இது தயார் செய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இந்தக் குற்றச்சாட்டு மிகையானது என்பது என் எண்ணம். ஆனாலும் அதைப் படிக்காமல் நஃபீசியைப் படிப்பது அரை வழக்கு கேட்பதாகும். கொடுங்கோன்மைக்குள் வாழ்ந்தவர் எழுதுவதை வெளியே இருக்கும் வல்லரசு தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதில் உண்மை இருக்கிறது. நஃபீசியின் புத்தகத்தை வகுப்பில் வைக்கிறவர்கள் தபாஷியையும் வைக்க வேண்டும்.

‘கேட்ஸ்பி’ தன் வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. 2013இல் வந்த திரைப்படத்தில் உல்ஃப்ஷைம் என்ற சூதாட்டக்காரனாக வந்தவர் நம் அமிதாப் பச்சன். 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கிடங்கில் தூங்கிய படிகளை நினைத்தால் மனம் கொஞ்சம் கனக்கிறது.

இந்தப் பயிற்சியை நம் கல்லூரிகளில் செய்ய விரும்புகிற ஆசிரியர்களுக்கு, இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில், குற்றச்சாட்டை ஆசிரியர் தயாரிக்கக் கூடாது. வகுப்பில் யாராவது அந்த நாவலை நிஜமாகவே வெறுக்க வேண்டும், அல்லது ஒரு பாத்திரத்தின்மேல் தீராத கோபம் கொண்டிருக்க வேண்டும். அவர்தான் அரசு வக்கீல். கோபமே இல்லாத வகுப்பில் வழக்கு நாடகமாகிவிடும், உடையும் சுத்தியலும்தான் மிஞ்சும். சாட்சியம் புத்தகத்தில் இருந்துதான் வர வேண்டும். எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்ட முடியாத எதையும் நீதிபதி ஏற்கக் கூடாது. அமெரிக்கப் பள்ளிகளின் மாதிரி வழக்குப் போட்டிகளில், சாட்சி தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்குமூலத்தைத் தாண்டிக் கற்பனையாகச் சேர்த்துச் சொன்னால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். நாவல் வழக்கில் இந்த விதி இன்னும் அவசியம். கேத்தரினாக வருகிற மாணவி நாவலில் இல்லாததைச் சொன்னால் வகுப்பு கதை கட்டத் தொடங்கிவிடும், படிப்பது நின்றுவிடும்.

எதிர்வாதத்துக்கு வகுப்பின் மிகச் சிறந்த வாசகரைப் போடுங்கள், மிகச் சிறந்த பேச்சாளரை அல்ல. நமக்குப் பட்டிமன்றப் பழக்கம் இருக்கிறது. எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கமும் நின்று கைதட்டல் வாங்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தத் திறமை இங்கே சில சமயம் இடைஞ்சல். ஸர்ரீனின் வாதம் எடுபட்டது பேச்சால் அல்ல, தன் எதிரி விட்டுவிட்ட பக்கத்தை அவர் படித்திருந்தார் என்பதால்.

நம் சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றம் இந்திய பார் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்திலேயே கட்டாயமாக இருக்கிறது. இலக்கிய வகுப்புகளில் அப்படி எதுவும் இல்லை. வேண்டிய வழக்குகளுக்குத் தமிழில் பஞ்சம் இல்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்தபோது, மழையில் சீரழிந்து வந்த மகளைத் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்ட தாய்மேல் வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தத் தாய் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடையாகவே ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டு தாய்மாரையும் ஒரே நாளில் விசாரிக்கலாம்.

தமிழ், ஆங்கிலத் துறைகளில் கற்பிக்கிறவர்கள் இந்த ஆண்டு ஒரு நாவலுக்காவது இதைச் செய்து பாருங்கள். இரண்டு தரப்புக்கும் முழுப் புத்தகத்தையும் கொடுங்கள், படிக்க அவகாசம் கொடுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த நாவலையே தேர்ந்தெடுங்கள். அதை வெறுக்கிற மாணவரை அழைத்து அரசு வக்கீலாக்கிவிட்டு, நீங்கள் கூண்டில் போய் உட்காருங்கள்.